தலைக்காய ஆபரேஷன் தியேட்டருக்குக் கை பழகிய சிஸ்டரைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியின் டூட்டி லிஸ்டில் கையெழுத்துப் போடும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுழற்சி முறை என்று சொல்லி ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்களை மாற்றினீர்கள். தலைக்காய ஆபரேஷனில் வருடக்கணக்காகக் கை பழகியவர் காய்ச்சல் வார்டுக்குப் போனார். சிசேரியன் தியேட்டரில் இருந்தவர் அந்த இடத்துக்கு வந்தார். பிறகு ஒரு ராத்திரி நடந்தது உங்களுக்கு அறிக்கையாக வந்திருக்கும். அறிக்கையில் வராததைச் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த பையன். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. தலைத் தோலைக் கீறினால் ரத்தம் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். வெட்டிய விளிம்பில் வரிசையாக ரேனி கிளிப், அதாவது தோலைக் கவ்வி ரத்தத்தை நிறுத்தும் கிளிப், போட வேண்டும். டாக்டர் ஒன்றைப் போட்டு முடிக்கும்போது அடுத்தது தயாராக இருக்க வேண்டும். எலும்பைத் துளைக்கும்போது சலைன் விட வேண்டும், எலும்பில் ரத்தம் கசிந்தால் அதை அடைக்கும் மெழுகான போன் வேக்ஸை உருட்டித் தர வேண்டும். டாக்டர் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார்.

அந்தச் சிஸ்டர் திறமையில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. சிசேரியனில் அவர் கை ஓடும் வேகத்தைப் பார்த்தவள் நான். ஆனால் கிளிப் போடும் கருவியை அன்றைக்குத்தான் முதல்முறை பிடித்தார். மூடும் முன் எண்ணிப் பார்த்தால் காட்டனாய்டு ஒன்று குறைந்தது. நூல் கட்டிய சின்னப் பஞ்சுத் துண்டு அது. ரத்தத்தில் ஊறினால் எது பஞ்சு, எது சதை என்று தெரியாது. தலை திறந்தபடி இருக்க, பக்கெட்டில், தரையில், கடைசியில் பையன் மேல் போர்த்தியிருந்த ட்ரேப் துணியின் மடிப்பில் தேடி எடுத்தேன். பையன் பிழைத்தான். அடுத்த பையனுக்கு யார் உத்தரவாதம்?

பழகியவரைப் பழகிய தியேட்டரிலேயே வையுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வருபவர் சில வாரம் கூட நின்று பழகட்டும், அப்புறம் தனியாக ஸ்க்ரப் ஆகி டாக்டருக்குக் கருவி எடுத்துத் தரட்டும். கேட்பது இவ்வளவுதான்.

ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரத்திலிருந்து 170. தொண்டியிலும் பாம்பனிலும் அடிபட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, வழியிலேயே உயிர் போன செய்தியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கேயே மண்டையைத் திறந்து காப்பாற்ற முடிகிறது என்பது இந்தக் கரைக்கு எவ்வளவு பெரிய காரியம்! அதை ஒரு பட்டியலால் கெடுக்காதீர்கள்.

நர்ஸ்தானே, எங்கே போட்டாலும் பார்ப்பார் என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் காரணம். கண் டாக்டரை மூளை ஆபரேஷனுக்கு நிற்கச் சொல்வீர்களா? எலும்புத் தியேட்டரிலும் இதே நிலைதான். எந்த ஸ்க்ரூவுக்கு எந்த டிரில் பிட் என்று தெரியாதவரை நிற்க வைக்கிறீர்கள்.

அடுத்த மாத லிஸ்டில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து, கையெழுத்துப் போடும் முன் காய்ச்சல் வார்டில் இருக்கும் சிஸ்டரை அவருடைய தியேட்டருக்கே அனுப்புங்கள். இப்போது அங்கே நிற்பவர், அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பணியிலுள்ள ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்