வாங்கிய அன்று மட்டும்தான் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் நாட்டு நிறுவனம் ஒன்று மேலை நாட்டில் எதையாவது வாங்கிவிட்டால், உங்கள் வணிகப் பக்கத்தில் அது கோப்பையை வென்ற செய்தி மாதிரி வருகிறது. கைகுலுக்கும் படம், கொட்டை எழுத்தில் விலை, 'உலக அரங்கில் கால் பதித்தது' என்று ஒரு வரி. அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. நான் வங்கியில் பெருநிறுவனக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கோப்பு மேசைக்கு வந்தால் நாங்கள் விலையைப் பிறகுதான் பார்ப்போம். கடன் யார் பெயரில், எந்த வருமானத்திலிருந்து அடையும், தாய் நிறுவனம் கேரன்டி தருகிறதா? இதுதான் முதல் பக்கம். செய்தியில் இந்த மூன்றும் கண்ணில் படுவதே அபூர்வம்.

கோரஸ் கதையையே பாருங்கள். அந்தப் பிரிட்டிஷ்-டச்சு எஃகு நிறுவனத்துக்கு 2006 அக்டோபரில் டாடா ஸ்டீல் சொன்ன விலை பங்குக்கு 455 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு). பிரேசிலின் எஃகு நிறுவனமான சி.எஸ்.என். போட்டிக்கு வந்தது. 2007 ஜனவரி கடைசியில் ஏலம் இரவெல்லாம் நடந்து, 603 பென்ஸில் சி.எஸ்.என். நிற்க, 608 பென்ஸுக்கு டாடா எடுத்தது. மொத்தம் 620 கோடி பவுண்டு. ஏலத்தின் கடைசிச் சுற்றில் மோதிய இரண்டு பேருமே வளரும் நாட்டுக்காரர்கள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் ஏலத்தில் ஏறிய ஒவ்வொரு பென்ஸும் யாரோ அடைக்க வேண்டிய பணம். விலையில் பெருந்தொகை கடன், அதிலும் பெரும்பங்கு கோரஸின் சொந்த வருமானத்திலிருந்தே அடைய வேண்டும் என்ற ஏற்பாடு. அதாவது, வாங்கப்பட்டவன் உழைத்து, தன்னை வாங்கிய கடனைத் தானே கட்ட வேண்டும். எஃகு விலை ஏறுமுகமாக இருக்கும் வரை கணக்கு இடிக்காது. 2008இல் உலக நெருக்கடி வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் வாசகர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2010இல் இங்கிலாந்தில் கோரஸின் டீஸைட் ஆலை நிறுத்தப்பட்டது. 2011இல் அதை வாங்கியது தாய்லாந்தின் எஃகு நிறுவனமான எஸ்.எஸ்.ஐ.; அணைந்த உலையை 2012இல் மூட்டினார்கள்; 2015இல் நிறுவனமே திவாலாகி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். கோரஸின் இன்னொரு ஆலையான ஸ்கன்தார்ப், டாடாவிடமிருந்து 2016இல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சில ஆண்டுகளில் அதுவும் நொடித்துப்போக, 2020இல் சீனாவின் எஃகு நிறுவனமான ஜிங்யே எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் உலைகள் அணைந்துவிடும் நிலை வந்தபோது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சனிக்கிழமை அவசரமாகக் கூடி, ஆலையைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. டாடாவிடமே இருந்த வேல்ஸின் போர்ட் டால்பட் ஆலையில், தாதுவிலிருந்து இரும்பை உருக்கும் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. ஒரு கோரஸுக்குப் பின்னால் இந்தியா, தாய்லாந்து, சீனா என்று மூன்று நாட்டு முதலாளிகள். உலைக்கு முன்னால் நிற்கும் தொழிலாளிக்கு முதலாளி எந்தக் கொடி என்பதில் என்ன இருக்கிறது?

வெளிநாட்டில் வாங்குவதே தவறு என்று சொல்ல வரவில்லை. அதே டாடா குழுமம் 2008இல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவர், தொடக்கத்தில் தள்ளாடினாலும் பிறகு நிமிர்ந்து, ஸ்லோவாக்கியாவில் புதிய ஆலையே போட்டது. ஃபோர்டு 645 கோடி டாலர் கொடுத்து வாங்கிய வோல்வோ கார்ப் பிரிவு, 2010இல் சீனாவின் கார் நிறுவனமான ஜீலிக்கு 180 கோடி டாலருக்கே பேசி முடிந்தது. விற்பவருக்கு அவசரம் இருந்தபோது வாங்கியவர்கள் இவர்கள். விலையை ஏற்றி ஏற்றி வாங்கியவர்கள்தான் புலிவாலைப் பிடித்தார்கள். மெக்சிகோவின் சிமென்ட் நிறுவனமான செமெக்ஸ், ஆஸ்திரேலியாவின் கட்டுமானப் பொருள் நிறுவனமான ரிங்கரை 2007இல் கடன் எடுத்து வாங்கியது. இரண்டே ஆண்டில் தன் ஆஸ்திரேலியத் தொழிலை சுவிஸ் சிமென்ட் நிறுவனமான ஹோல்சிமுக்கு விற்று, சுமார் 1,500 கோடி டாலர் கடனுக்கு வங்கிகளிடம் தவணை நீட்டிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

உலக நாடுகளின் வெளிநாட்டு முதலீட்டில் வளரும் நாடுகளின் பங்கு 2007இல் 13 சதவீதம், 2014இல் 35 சதவீதம் என்கிறது ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்டாட். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மொரிஷியஸ், ஹாங்காங், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு சொந்த நாட்டுக்கே திரும்பும் பணமும் வெளிநாட்டு முதலீடு என்ற கணக்கில்தான் ஏறுகிறது. ஆகவே அந்த எண்களை அப்படியே தலைப்பாக்குவது சரியல்ல.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, விலைக்குப் பக்கத்திலேயே கடன் எவ்வளவு, எந்த நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டில் நிற்கிறது, பணம் எந்த நாட்டு வழியாகப் போகிறது என்பதையும் போடுங்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமென்றால் இவற்றில் பாதி அதன் ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளிலேயே கிடைக்கும். உங்கள் நிருபர் முன்பக்கத்து வண்ணப் படங்களைத் தாண்டிப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்