செந்திலுக்கு, ரெப்பை ஆபரேஷன் விஷயமாக

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். வனிதாவையும் படிக்கச் சொல்.

மேல் ரெப்பையில் தொங்குகிற தோலை எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன் என்றாய். நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அது உங்கப்பா வீட்டுச் சீதனம். தாத்தா போட்டோவைப் பார், எல்லாவற்றிலும் புருவத்தைத் தூக்கி நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பார். மீட்டிங்கில் ஆளுக்கு ஆள் "ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். அழகுக்காகத்தான் செய்துகொள்கிறேன் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல். பார்வை மறைக்கிறது என்று சேர்த்துச் சொல்லாதே. உண்மையிலேயே மறைத்தால், சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்கிற ஃபீல்டு டெஸ்டில் தெரிந்துவிடும். அழகுக்குச் செய்வதை இன்சூரன்ஸ்காரர்கள் எப்படியும் கொடுக்க மாட்டார்கள், கைக்காசு என்றே வைத்துக்கொள்.

முதலில் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தோல் மட்டும் தளர்ந்து மடிந்து விழுந்தால் அது ஒன்று. ரெப்பையைத் தூக்கும் தசை நாண் தளர்ந்து ரெப்பையின் ஓரமே கருவிழிமேல் இறங்கியிருந்தால் அது வேறு, அதற்கு வேறு ஆபரேஷன். சாயங்காலம் ஆக ஆக ரெப்பை அதிகமாகச் சரிகிறது, உருவம் இரண்டாகத் தெரிகிறது என்றால் கத்தியை எடுக்கக் கூடாது, நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறிலும் கண் வீங்கும், அந்த ரத்தப் பரிசோதனையும் செய்துவிடு. நம் வீட்டு ஆட்களுக்குப் புருவமே கீழே இறங்கும். நாமே அறியாமல் நெற்றித் தசையால் அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறோம். தோலை எடுத்ததும் நெற்றி "இனி எனக்கு வேலையில்லை" என்று ஓய்ந்துவிடும், புருவம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அப்புறம் செலவழித்தும் ஒன்றும் தெரியவில்லையே என்று தோன்றும். கண்ணாடி முன் நெற்றியைத் தளரவிட்டு, புருவத்தை விரலால் எலும்பு விளிம்பில் பிடித்துக்கொண்டு பார். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தால், புருவத்தைத் தூக்குவது பற்றி டாக்டரிடம் கேள்.

இதற்கு ஆக்குலோபிளாஸ்டி, அதாவது ரெப்பையையும் கண்ணைச் சுற்றியும் செய்கிற ஆபரேஷன் படித்த கண் டாக்டரிடம் போ, இல்லையென்றால் ரெப்பை வேலை நிறையச் செய்கிற பிளாஸ்டிக் சர்ஜனிடம் போ. முடி நடுகிற இடத்தில் சலுகை விலைக்குச் செய்கிறார்கள் என்று எவனாவது சொன்னால் காதில் வாங்காதே. கண் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் காலம் தள்ளியவள் சொல்கிறேன். வேறெங்கோ செய்துகொண்டு எங்களிடம் வந்த ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. தூங்கும்போதும் வெள்ளை தெரியும், கருவிழி உலர்ந்து புண்ணாகியிருந்தது. தோலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டார்கள். காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டிச் சரிசெய்தோம், ஆனால் பழைய முகம் வரவில்லை. கொஞ்சம் குறைவாக எடுத்திருந்தால் பின்னால் இன்னும் எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக எடுத்ததைத் திருப்பி வைக்க நம்மிடம் வழி குறைவு. அதனால் "எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேட்காதே, "எவ்வளவு விடுவீங்க?" என்று கேள். புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவில் ஏறக்குறைய 20 மி.மீ. தோல் மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. இன்னொன்று, ஆண்களுக்கு ரெப்பை மடிப்பு பெண்களைவிடத் தாழ்வாக விழும். அதை உயர்த்திவைத்தால் பெண் சாயல் வந்துவிடும். எனக்கு என் பையன் முகம் போதும் என்று சொல்லிவிடு.

உனக்கு நாள் முழுக்க கம்ப்யூட்டர், அதோடு கான்டாக்ட் லென்ஸ் வேறு. கண் ஏற்கெனவே காய்ந்திருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு கூடும். கீழ் ரெப்பையில் சின்னக் காகிதத் துண்டைச் செருகி 5 நிமிஷம் வைப்பார்கள், எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்க்க. 10 மி.மீ. கூட நனையவில்லை என்றால் முதலில் அதற்கு வைத்தியம். லேசர் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றும் யோசனையும் இருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளாதே, நடுவில் சில மாதம் விட வேண்டும்.

சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் சொல். ஜிம்முக்காக விழுங்குகிற மீன் எண்ணெய், வைட்டமின் ஈ எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பார்கள். ஆஸ்பிரின் யாராவது எழுதிக்கொடுத்திருந்தால் நீயாக நிறுத்தாதே, எழுதினவரைக் கேள். சிகரெட்டைப் பற்றி நான் சொல்லி நீ கேட்கப் போகிறாயா? காயம் ஆறுவதற்காகவாவது முன்னும் பின்னும் சில வாரம் விடு.

அன்றைக்கு நடப்பது இதுதான். உட்காரவைத்தே பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் புருவம் மேலே போய்விடும், அளவு மாறும். இடுக்கியால் தோலைக் கிள்ளி, இமை முடி மேலே திரும்பாமல் எவ்வளவு பிடிக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். பிறகு மரத்துப்போக ஊசி. அது சில நொடி சுரீரென்று எரியும், மொத்தத்தில் அதிகம் வலிக்கிற இடம் அதுதான். அப்புறம் இழுப்பது தெரியும், ரத்தக் குழாயைச் சுடும்போது கருகிய வாடை வரும், பயப்படாதே. உள்ளே கொழுப்பை இழுத்தால் ஆழத்தில் ஒரு வலி வரலாம், பல்லைக் கடிக்காமல் சொல், இன்னும் மருந்து போடுவார்கள். இப்போதெல்லாம் கொழுப்பை அவ்வளவாக எடுப்பதில்லை, கண் குழி விழுந்து வயசான தோற்றம் வந்துவிடும் என்பதால். நடுவில் கண்ணைத் திற, மூடு என்பார்கள், ரெண்டு பக்கமும் சமமா என்று பார்க்க. முடி அளவு நூலால் தைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். களிம்பு போட்டிருப்பதால் பார்வை மங்கலாக இருக்கும், வண்டியை நீ தொடாதே.

அன்று ராத்திரிதான் நான் கவலைப்படுவது. ரெண்டு பக்கமும் லேசாகக் கசிந்து வீங்கினால் அது வழக்கம்தான். ஒரு பக்கம் மட்டும் தாங்க முடியாமல் வலித்து, கண் முன்னால் தள்ளிக் கல்லாகி, பார்வை குறைகிறது என்றால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறது. மிக அபூர்வம்தான், ஆனால் உடனே பார்க்காவிட்டால் பார்வையே போய்விடும். விடியட்டும் என்று படுத்துவிடக் கூடாது. ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்று நம்பர் வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதே.

ரெண்டாம் மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்தால் யாரோ குத்துவிட்ட முகம் தெரியும். கருநீலம் கன்னம்வரை இறங்கி, பிறகு மஞ்சளாகிப் போகும். ஒரு கண் சீக்கிரம் வடியும், இன்னொன்று அடம்பிடிக்கும். அதை வைத்து முடிவுகட்டி டாக்டரிடம் சண்டைக்குப் போகாதே. முதல் இரண்டு நாள் சுத்தத் துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம், இரண்டு தலையணை வைத்து மல்லாந்து தூக்கம். குனிந்து எதையும் தூக்காதே, பாப்பாவையும்தான். கொஞ்ச நாள் கண் முழுசாக மூடாமல் நீர் வடியும், அதற்குச் சொட்டு மருந்தும் ராத்திரிக் களிம்பும் கொடுப்பார்கள். அத்தை நந்தியாவட்டைப் பூ வைக்கச் சொல்வார், தலையாட்டிவிட்டு வைக்காமல் இரு. தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். லென்ஸுக்கு இரண்டு வாரமாவது ஆகும், ஜிம்முக்கும் அப்படியே, டாக்டரைக் கேட்டுத் தொடங்கு. கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்காரலாம்.

தழும்பு முதலில் சிவந்து, நம் நிறத்துக்குக் கொஞ்சம் கறுத்தும் தெரியும். மடிப்புக்குள் மறைந்துவிடும், நிறம் அடங்க மாதங்கள் ஆகும். வெயிலில் கூலிங் கிளாஸ் போடு. ரெப்பை சில வாரம் மரத்திருக்கும். தழும்போரம் வெள்ளைப் பொரி மாதிரி வந்தால் நகத்தால் கிள்ளாதே. ரெண்டு கண்ணும் அச்செடுத்தபடி இருக்காது, உனக்கு இப்போதே அப்படி இல்லை, நீ கவனித்ததில்லை. கண்ணோரச் சுருக்கமும் கண்ணுக்குக் கீழே கருவளையமும் இதில் போகாது.

தேதி முடிவானதும் சொல், ரயில் டிக்கெட் கிடைக்கிற பாடில்லை, முன்கூட்டியே எடுக்க வேண்டும். பாப்பாவிடம் அப்பா முகம் கொஞ்ச நாள் வீங்கியிருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவை, திடீரென்று பார்த்தால் அழுவாள்.

அன்புடன்,
அம்மா