தங்கச்சிக்கு, பிஎஃப் பத்தி

கம்பெனி மாறப்போறேன், பிஎஃப்ல எவ்ளோ வருதோ எடுத்து சீட்டுக்கடனை அடைச்சிட்டு மிச்சத்துல கம்மல் வாங்கலாம்னு இருக்கேன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்த. போன்ல சொன்னா என்னைய பேசவே விடமாட்ட, அதான் எழுதுறேன், கோச்சுக்காதடி.

கடனுக்கு எடுக்கறது கூட சரி, கம்மலுக்கு வேணாம். உன் சம்பளத்துல 12% பிடிக்கிறாங்க, கம்பெனியும் அதே அளவு போடுது (அதுல பெரும்பங்கு பென்ஷனுக்கு போயிடும்), 2024-25க்கு வட்டி 8.25%, இவ்ளோ வட்டி எந்த பேங்க்ல நமக்கு தர்றான்? பெங்களூர்ல பீன்யாலருந்து பொம்மனஹள்ளி போனாலும் யூஏஎன் நம்பர் (உன் பிஎஃப்க்கு குடுத்த நம்பர்) அதே தான், புது கம்பெனில அதை குடுத்து பழைய பணத்தை டிரான்ஸ்ஃபர் போட்டுக்கோ.

கம்பெனி போடற பங்கை 58 வயசு வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு 2016ல சென்ட்ரல் கவர்மென்ட் ரூல் போட்டப்ப நம்ம கார்மென்ட்ஸ் பொம்பளைங்க தான் ஏப்ரல்ல ஆயிரக்கணக்குல ஓசூர் ரோட்டுல எறங்கி ரெண்டே நாள்ல வாபஸ் வாங்க வெச்சாங்க. கஷ்டம் வந்தா கைல காசு வேணும்னு சண்டை போட்டு வாங்குன உரிமைடி அது, கம்பெனி மாறுறப்பல்லாம் தொடைச்சு எடுக்கறதுக்கு இல்ல.

அப்புறம், 2023 ஜூன்ல பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீன்னு சக்தி ஸ்கீம் வந்ததுலருந்து பிஎம்டிசி டவுன் பஸ்ல ஃப்ரீயா தானே போற, முன்னாடி பாஸுக்கு போன காசு இப்ப எங்க போகுதுன்னு கேட்டா உனக்கே தெரியாது. அதை போஸ்ட் ஆபிஸ் ஆர்டில (மாசாமாசம் ஒரே தொகை கட்டற சேமிப்பு) போடு. மாசம் 100 ரூபாலருந்து கட்டலாம், ஆயிரம் கட்டினா இப்ப இருக்கற 6.7% வட்டிக்கு அஞ்சு வருஷத்துல 71 ஆயிரம் சொச்சம் வரும், ஆயிரம் முடியலன்னா ஆரம்பிக்கறப்பவே முந்நூறுன்னு போட்டுக்கோ, யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு மாசம் லேட்டானா நூத்துக்கு ஒரு ரூபா ஃபைன், அவ்ளோதான். 12 மாசம் ஒழுங்கா கட்டிட்டா கட்டுனதுல பாதி வரைக்கும் லோன் கிடைக்கும், அவசரத்துக்கு சீட்டுக்காரம்மா வாசல்ல போய் நிக்க வேணாம். அந்தம்மா சீட்டை ரெஜிஸ்டர் பண்ணி தான் நடத்துதான்னு ஒரு வாட்டி கேட்டுப்பாரு, கோவப்பட்டா அதுலயே தெரிஞ்சிடும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. அக்கவுன்ட்டை 15ஆம் தேதிக்குள்ள ஓபன் பண்ணிடு, அப்ப மாசாமாசம் 15க்குள்ள கட்டியாகணும், 7ஆம் தேதி சம்பளம் வந்ததும் செலவாகறதுக்கு முன்னாடி போயிடும். 16லருந்து பண்ணினா மாசக்கடைசி வரைக்கும் டைம் குடுப்பாங்க, மாசக்கடைசில உன் பர்ஸ் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியாதா?

வர்ற சனிக்கிழமை லீவ் போட முடிஞ்சா ஆதார், பான், ரெண்டு போட்டோ எடுத்துட்டு காலைலயே ஸ்ரீராம்புரம் வந்துடு, ஒண்ணா போய் ஃபார்ம் போட்டுட்டு வந்துடலாம்.