அம்மாவின் நடவுப் பாட்டு கிடைத்துவிட்டது

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமா? இங்கே எல்லோரும் நலம். மாம்பழ சீசன் முடியப் போகிறது, நீதான் இந்த வருஷமும் வரவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா பாடிய நடவுப் பாட்டு பத்திரமாக இருக்கிறது. அது போய்விட்டதென்றே நினைத்து மூன்று நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. உன்னிடம் போனில் சொல்லவும் மனசு வரவில்லை.

என் பழைய மாருதி ஜென் காரில் இருக்கும் எம்பெக் பாட்டுப் பெட்டியை மறந்திருக்க மாட்டாய். அம்மாவின் பாட்டு அதற்குள்தான் இருந்தது. மச்சான் லண்டனில் இருந்து கொண்டு வந்து கொடுத்தது. பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்து நீ 'பச்சைக் கண்ணு' என்று பெயர் வைத்தாயே, அதேதான். கேம்பிரிட்ஜில் சில பேர் சேர்ந்து 1999-இல் கொண்டு வந்த பெட்டி. ஐபாட் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, காருக்குள் ஹார்ட் டிஸ்க்கை வைத்து, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் சாஃப்ட்வேரில் பாட வைத்தார்கள். அப்புறம் கம்பெனி கைமாறி, ரியோ கார் என்று பெயர் மாறி, 2001-லேயே உற்பத்தி நின்றுபோனது. இத்தனை வருஷம் என்னிடம் ஒரு நாள் முரண்டு பிடித்ததில்லை.

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறியிருப்போம். டேஷ்போர்டுக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். பாட்டு உடனே நிற்கவில்லை. அந்தப் பெட்டி டிஸ்க்கை எப்போதும் சுற்ற விடாது. சில நிமிஷத்துக்கு வேண்டியதை மெமரிக்கு இழுத்துக்கொண்டு டிஸ்க்கை நிறுத்திவிடும். அதனால் கையிருப்பு தீரும் வரை பாடியது. அடுத்த வளைவில் பாதி வரியில் நின்றது.

மலை உயரம்தான் காரணம் என்றார் மச்சான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஸ்க்கின் தலை மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதப்பது உண்மைதான், காற்று மெலிந்தால் அதற்குச் சிரமம்தான். ஆனால் லேப்டாப் டிஸ்க்கெல்லாம் 3,000 மீட்டர் வரை ஓடுகிற மாதிரிதான் செய்கிறார்கள், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம்தான். எனக்குச் சந்தேகம் நம் ஊர் வெயில் மேல். அந்த டிஸ்க் தாங்குவது 55 டிகிரி சூடு. அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு மதியம் பூரா வெயிலில் நிற்கும் காருக்குள் அதைவிட அதிகமாகவே கொதிக்கும். இத்தனை கோடையைத் தாங்கியதே பெரிது.

வீட்டுக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியை உருவி எடுத்தேன். கடைக்காரர் ஒருவர், டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் ஓடும் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் இருப்பதும் போய்விடும். சாகக் கிடக்கும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் தப்பு. ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் இன்னும் கொஞ்சம் தேயும்.

ஒயரைக் கழற்றும்போதுதான் எனக்கு உயிரே போனது. ஐடிஇ என்கிற பழைய வகை இணைப்புள்ள இரண்டரை அங்குல டிஸ்க்கில் இரண்டு வரிசையாக ஊசி ஊசியாகக் கம்பிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஒன்று சாய்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் 44 இருக்க வேண்டிய இடத்தில் 43. ஒன்றை ஒடித்தேவிட்டேன் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இருபதாவது இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்களாம், ஒயரைத் திருப்பி மாட்டிவிடாமல் இருப்பதற்காக.

சாய்ந்த கம்பியை நான் தொடவில்லை. நேரே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன், நமக்குத் தெரிந்த கொலுசுப் பட்டறைக்கு. பட்டறை அண்ணன் பற்றவைக்கும் பொடி வைத்துக் கொலுசு முத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்லிய சாமணத்தின் நுனியைக் கம்பியின் அடியில் கொடுத்தார். ஒரேயடியாக நிமிர்த்தவில்லை. கொஞ்சம் அசைத்து, விட்டு, மூச்சைப் பிடித்து மறுபடி கொஞ்சம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். "வெள்ளி மாதிரி வளையாது தம்பி, இது ஒடிஞ்சுரும்" என்றார். வரிசையில் எது சாய்ந்திருந்தது என்றே எனக்கு அப்புறம் அடையாளம் தெரியவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார்.

என் பெரிய மகளின் லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது. யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி டிடிரெஸ்க்யூவை ஓட விட்டோம். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் நிதானமாக முயலும் புரோகிராம் அது. இரண்டு ராத்திரி ஓடியது. உள்ளே பாட்டின் பெயரில் ஒரு கோப்பும் கிடையாது, எல்லாம் எண். 0 என்று முடிவது ஒலி, அதே எண் 1 என்று முடிந்தால் அந்தப் பாட்டின் பெயர் விவரம். நாம் அன்றைக்கு ஆங்கில எழுத்தில் 'நடவு அம்மா' என்று தட்டி வைத்தது நல்லதாகப் போயிற்று. அதைத் தேடச் சொன்னாள். ஒரே ஒரு எண் வந்தது. ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள்.

தேங்காய் துருவும் சத்தத்தோடுதான் ஆரம்பிக்கிறது, மாப்ளே. "பாடவா, இப்பவேவா?" என்று கேட்கிறார்கள். பின்னால் நீ சிரிக்கிறாய். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிறார்கள். முழுசாக இருக்கிறது, ஒரு இடத்திலும் அறுபடவில்லை. மொத்தத்தில் 27 பாட்டு தேறவில்லை, அவையெல்லாம் எங்கேயும் கிடைக்கிற சினிமாப் பாட்டு.

புது டிஸ்க் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் காலத்து முறையில் டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு இடத்தின் விலாச எண்ணுக்கும் 28 பிட்தான். அதனால் 137 ஜிபிக்கு மேல் எண்ணவே முடியாது. நான் எம்சாட்டா என்கிற சின்ன வகை 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றையும், அதை ஐடிஇ ஆக மாற்றும் அடாப்டரையும் வாங்கினேன். சுற்றும் தட்டே இல்லாததால் வளைவு, குலுங்கல் பற்றிய பயம் கிடையாது, வெயிலையும் இது கூடுதலாகத் தாங்கும். பழைய 20 ஜிபி நிறைய ஏற்றினால் பதினான்கு நாள் விடாமல் பாடும். இது மூன்று மாதம் பாடும். சீரியல் ஒயர் மாட்டி டிஸ்க்கைத் தயார் செய்து, சாஃப்ட்வேரை ஏற்றி, நெட்வொர்க் ஒயரில் பாட்டுகளை அனுப்ப ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று. இவ்வளவுக்குப் புதுசாக ஒரு செட் வாங்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நீ கேட்க மாட்டாய் என்று தெரியும்.

நேற்று நான் மட்டும் குப்பனூர் வழியாக ஏற்காடு போய்வந்தேன். லேடீஸ் சீட் காட்சி முனையில் காரை நிறுத்தி, கீழே ஊர் விளக்கெல்லாம் எரியத் தொடங்கும் நேரத்தில் அம்மாவைப் பாட விட்டேன்.

பாட்டைப் பென்டிரைவில் போட்டு நாளை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். என்னிடம் இரண்டு பிரதி தனியாக இருக்கிறது. மூல கேசட் உன் அக்கா வீட்டுப் பரணில் இருந்தால் யாரும் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று சொல். பூஞ்சை பிடித்திருந்தால் நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். வரும்போது அப்படியே எடுத்து வா. இன்னொன்று: மூன்றாவது அடியில் அம்மா ஒரு ஊர்ப் பெயர் சொல்கிறார்கள், துருவுகிற சத்தத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அக்காவைக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்