ஒரு கைப்பிடி ரப்பர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் கையைக் கழுவி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. ஏன் என்று கடைசியில் உனக்கே தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்காக பெர்லின் போய்விட்டாள். வீட்டில் சத்தம் குறைந்ததும், பாதி வாரம் நான் கராஜில்தான் குடியிருக்கிறேன் என்று உன் தங்கச்சி புகார் சொல்கிறாள். அம்மாவை நீ போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றி என்று எழுதினால் திட்டுவாய், அதனால் எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் 1986 மாடல் போர்ஷே 944 போன வருஷக் கடைசியிலிருந்தே ஐடிலிங்கில் உதற ஆரம்பித்திருந்தது. சிக்னலில் நின்றால் பின்னால் வரும் வண்டியின் விளக்கு கண்ணாடியில் நாலாகத் தெரியும். கியர் லீவர் வாயில் ஏதோ மென்றுகொண்டிருப்பதுபோல் ஆடும். கிளம்பிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஒரு பட்டறையில் காட்டினேன். இன்ஜினுக்கு வயசாகிவிட்டது, பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு உன் பத்மினி கார் மாதிரி இரண்டு வாங்கலாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாலு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும், கணக்கு சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் பிஸ்டன் மேல் பாதியில் ஓடும் வேகமும் கீழ் பாதியில் ஓடும் வேகமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இன்ஜினை உலுக்கும். இன்ஜின் பெரிதாக ஆக உலுக்கலும் பெரிதாகும். 944-க்கு 2479 சிசி, நாலு சிலிண்டருக்கு அது பெரிய வயிறு. அதனால் பிளாக்கின் இரு பக்கமும் ஆளுக்கொரு பேலன்ஸ் ஷாஃப்ட், அதாவது உலுக்கலைச் சமன் செய்யும் தண்டு, வைத்திருக்கிறார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை மிட்சுபிஷியிடம் இருந்தது. போர்ஷேகாரர்கள் லைசென்ஸுக்குப் பணம் கட்டித்தான் போட்டார்கள். எவ்வளவு கௌரவமான கம்பெனி, அதற்கும் ஜப்பான்காரனிடம் கை நீட்ட வேண்டியிருந்தது என்று நினைத்தால் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த ஷாஃப்ட்களை ஓட்டும் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் இதே மாதிரி உதறும். கவரைக் கழற்றி மார்க்கெல்லாம் பார்த்தேன், சரியாகவே இருந்தது. பிளக் மாற்றினேன். எங்காவது காற்று இழுக்கிறதா என்று ஹோஸ் ஹோஸாகத் தடவிப் பார்த்தேன். இப்படியே இரண்டு மாதம் போனது. இன்ஜின்மேல் சந்தேகப்பட்டேனே தவிர, அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

பார்க்க வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், இங்கே நெக்கார்சுல்ம் ஊர்க் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பானெட்டைத் திறந்து வைத்திருந்தபோது வேலியோரம் வந்து நின்றார். "ஆக்சிலேட்டரை விருட்டென்று மிதி" என்றார். மிதித்தேன். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்து, சட்டென்று கீழே விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் முழங்காலைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மவுண்டிங்! இன்ஜினை வண்டியில் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மெத்தை. நம் ஊரில் பதினைந்து வயசுப் பையன் சொல்லியிருப்பான்.

944-இன் மவுண்டிங் வெறும் ரப்பர் கட்டை இல்லை, உள்ளே திரவம் நிரப்பியது. மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை, நடுவில் குறுகலான வழி. இன்ஜின் அதிரும்போது திரவம் அந்தச் சந்தில் திக்கித் திணறிப் போய்வரும், அதிலேயே அதிர்வு செத்துவிடும். ரப்பர் கிழிந்தால் திரவம் வடிந்துவிடும், இன்ஜின் அப்படியே அமுங்கி உட்கார்ந்துவிடும். அதிலும் வலப்பக்கம்தான் முதலில் போகும். இன்ஜின் வலப்பக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் குழாயெல்லாம் அந்த மவுண்டிங்கின் பக்கத்திலேயே இறங்குகிறது. வருஷக்கணக்காக அடுப்போரம் உட்கார்ந்த ரப்பர் என்ன ஆகும்?

புது ஜோடி வரவழைத்தேன். விலை குறைவாகக் கெட்டி ரப்பரும் கிடைக்கிறது. ரேஸுக்குப் போகிறவர்களுக்குப் பரவாயில்லை, நமக்கு அது அதிர்வை அப்படியே சீட்டுக்கு அனுப்பிவிடும். வேண்டாம் என்று விட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவில்லை, பயப்படாதே. இன்ஜினைத் தாங்குவதற்கு, இரண்டு ஃபெண்டர் ஓரத்திலும் கால் ஊன்றி நிற்கும் குறுக்குக் கம்பி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். அதன் கொக்கியை இன்ஜின் தூக்கும் வளையத்தில் மாட்டித் திருகினால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்புக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கலாம்தான். ஆனால் அது அலுமினியம், நடுவில் மரக்கட்டை வைத்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

இடப்பக்கம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. வலப்பக்கம்தான் உயிரை எடுத்தது. கை போகும் இடத்தில் கண் போகாது, கண் போகும் இடத்தில் கை போகாது. மூன்று எக்ஸ்டென்ஷன், ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் எல்லாம் சேர்த்து முழ நீளத்துக்கு ஒரு பாம்பு செய்து உள்ளே விட்டேன். போல்ட் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, சாயங்காலம் சுத்தியலை எடுத்தேன். அதற்குள் நேரமாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் தட்டினால் அக்கம்பக்கத்தில் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள், சட்டமே அப்படி. வண்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெரியவரோடு உட்கார்ந்து காபி குடித்தேன். 1975-இல் இந்தத் தொழிற்சாலையை மூடிவிடுவார்கள் என்ற நிலைமையாம். ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நெக்கார்சுல்மிலிருந்து ஹைல்பிரானுக்கு நடந்தே ஊர்வலம் போனார்கள். அப்போது இவருக்கு இருபது வயசு, அவரும் நடந்தாராம். ஃபோக்ஸ்வேகன் கைவிட்ட ஒரு கார்த் திட்டத்தை போர்ஷே வாங்கி, அதை இங்கேயே கட்டித் தரச் சொன்னது. அதுதான் 924. அதன் தம்பிதான் என் 944. "போர்ஷேகாரர்களில் சிலர் இதை உண்மையான போர்ஷே இல்லை என்பார்கள், எங்களுக்கு இது சோறு" என்றார். நான் நாலு வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், அது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தது என்று தெரியும். இது தெரியாது.

திங்கள் சாயங்காலம் போல்ட் ஒரு "டக்" சத்தத்தோடு விட்டது. இன்ஜினை இரண்டு விரல் உயரம் தூக்கினேன், ஹோஸ் எதுவும் இழுபடுகிறதா என்று பார்த்துப் பார்த்து. பழையதை உருவி எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தால், ஒரு விரல் தடிமனுக்குக் குள்ளம். அழுத்தினால் செத்த தவளை மாதிரி இருந்தது. புதியதை மாட்டி, போல்ட்களைக் கையால் மட்டும் திருகி, இன்ஜின் எடை முழுக்க இறங்கிய பிறகுதான் டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். முன்னாடியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே உட்கார்ந்துவிடும்.

ஸ்டார்ட் செய்தேன். ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. முள் நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே நின்றது, கண்ணாடியில் பின்வீட்டு ஜன்னல் ஒன்றாகவே தெரிந்தது.

இப்போது உன் பத்மினி. நியூட்ரலில் உதறுகிறது, கார்புரேட்டரை மாற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மாற்றாதே. ஹேண்ட்பிரேக் போட்டு, உன் பையனை உட்கார வைத்து, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொல். கடிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளட்டும். நீ வண்டிக்கு முன்னால் நிற்காதே, பக்கவாட்டில் நின்று இன்ஜின் எந்தப் பக்கம் எழுகிறது என்று பார். அப்படியே மவுண்டிங் ரப்பரில் விரலை வைத்து வெடிப்பு இருக்கிறதா என்றும் தடவிப் பார், இன்ஜினை நிறுத்திய பிறகு.

பழைய மவுண்டிங்கில் ஒன்றைப் பெரியவர் கேட்டு வாங்கிப் போய்விட்டார். எதற்கென்று கேட்கவில்லை. இன்னொன்று என் மேஜைமேல் இருக்கிறது, இந்தக் காகிதம் பறக்காமல் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கறை தெரிந்தால் மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்