அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த இதயநோய்க் கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறைப்பது, நடப்பது எல்லாம் சரி. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி: ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள், இதயத்தைக் காத்துக்கொள்ளுங்கள்’. அங்கேதான் எனக்கு இடித்தது.

எனக்குப் பதினோரு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்ததும் பற்பசையின் மூடியைத் திருகவே அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். என் எதிர்ப்பு சக்திக்கு ஒரு குறையும் இல்லை. அது இருக்கிற வேலையை விட்டுவிட்டு என் மூட்டுகளோடு சண்டை போடுகிறது, அவ்வளவுதான். இந்த நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இதில் இன்னும் என்னத்தைக் கூட்டுவது?

தமனி அடைப்பைத் தண்ணீர்க் குழாயில் கசடு சேர்வது போலவும் எழுதியிருந்தீர்கள். குழாய்க்கு உயிரில்லை, தமனிக்கு உண்டு. அதன் சுவருக்குள் கெட்ட கொலஸ்ட்ரால் புகுந்ததும் வெள்ளை அணுக்கள் துப்புரவு செய்ய ஓடிவருகின்றன. தின்று தின்று, கொழுப்பு நிறைந்து நுரை போல உப்பி, அங்கேயே செத்தும் போகின்றன. படிவின் நடுவில் இருக்கும் குழம்பில் பெரும்பங்கு இந்தப் பிணக்குவியல்தான். மேலே மூடியிருக்கும் மெல்லிய தோலையும் இந்த வெள்ளை அணுக்கள் சுரக்கும் நொதிகளே அரிக்கின்றன. அது கிழிந்தால் ரத்தம் உறையும், மாரடைப்பு வரும்.

ரத்தக் கொதிப்பிலும் வெள்ளை அணுக்களுக்குக் கை உண்டு. 2007-இல் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், டி, பி செல்கள் என்ற வெள்ளை அணு வகைகள் இல்லாத எலிகளுக்கு, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைக் கொடுத்தும் அழுத்தம் வழக்கம்போல் ஏறவில்லை. டி செல்களைத் திருப்பி ஏற்றியதும் ஏறியது.

அப்படியானால் எதிர்ப்பு சக்தியை அடக்கிவிடலாமே என்றால், அதுவும் லேசில்லை. 2017-இல் ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம் எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதியை அடக்கும் கானகினுமாப் என்ற ஊசியைச் சோதித்தார்கள். கொலஸ்ட்ராலைத் தொடாமலே, 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றுநோயில் இறந்தவர்கள் கூடினார்கள். மொத்த மரணத்தில் மாற்றமில்லை. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருநாள் நான் போடும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை 2018-இல் இதயநோயாளிகளிடம் சோதித்தபோது பலனே தெரியவில்லை. கவுட் என்ற மூட்டுவலி நோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்தான கோல்சிசினுக்கு மட்டும் 2023-இல் அமெரிக்காவில் இதயநோய்க்கென அனுமதி கிடைத்தது. சிறுநீரகம் மோசமாக இருப்பவர்கள் அதையும் தொட முடியாது.

இன்னொன்று. கட்டுரையில் ‘அழற்சி’ (எதிர்ப்பு சக்தியின் சண்டையால் வரும் வீக்கமும் எரிச்சலும்) என்று பார்த்ததும் ‘அழற்சிக்குத்தான் வலி மாத்திரை இருக்கிறதே’ என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. டாக்டரைக் கேட்காமல் இரண்டு மாதம் தினமும் டைக்ளோஃபெனாக் போட்டேன். 130-இல் இருந்த அழுத்தம் 158-க்குப் போய்விட்டது. நிறுத்திய பிறகுதான் இறங்கியது. டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும் என்று டாக்டர் திட்டிக்கொண்டே சொன்னார்.

பெட்டிச் செய்திக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட முடியுமா? அப்படியே வலி மாத்திரை பற்றியும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி