உனக்கும் ஒரு திருத்திய வயது

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். அம்மா உன்னிடம் வந்து ஆறு மாதமாகிறது, எனக்குச் சோறு வடிக்கப் பழகிவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்படாதே. போனில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி "நான் எதுக்குமே ஆகாமப் போயிட்டேன்ப்பா" என்றாய். 26 வார விடுப்பு முடிந்தும் வேலைக்குத் திரும்ப முடியவில்லை, கூட இருந்தவர்கள் மேலே போய்விட்டார்கள், பாப்பாவுக்குப் பால் போதவில்லை, வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கினாய். யாரோ உன்மேல் வழக்குப் போட்டதுபோல் இருந்தது. வழக்குப் போட்டதும் நீ, தீர்ப்புச் சொல்வதும் நீ.

நடந்ததை நான் சொல்கிறேன், கேள். முப்பதாவது வாரத்தில் பாப்பா பிறந்தாள். 1,280 கிராம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு என்று நாள் குறித்து வாங்கிய கண்ணாடி வளையல் இன்னும் பீரோவில் அப்படியே இருக்கிறது. 52 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். முதலில் மூக்குக் குழாயில்தான் பால். பிறகு அவளை உன் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தாய். தையல் காயம் ஆறாத உடம்பு. அந்தச் சூட்டில்தான் அவளுக்கு எடை ஏறியது. கண் டாக்டர் விழித்திரையைச் சோதிக்க உள்ளே கொண்டுபோனபோது நீ வராந்தாச் சுவரில் நெற்றியை வைத்து நின்றதை நான் பார்த்தேன். உன் 26 வாரத்தில் ஏழு வாரத்துக்கு மேல் அங்கேயே போயிற்று. அதை உன் கணக்கில் நீ எழுதவே இல்லை.

போன மாதம், பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டது, நம்ம பாப்பா இன்னும் விழவில்லையே என்று அம்மா கேட்டாளாம். "இவளுக்குத் திருத்திய வயசும்மா. பொறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணணும், ரெண்டு வயசு வரைக்கும் அப்படித்தான்" என்று நீ நிதானமாகச் சொன்னாயாம். அம்மா அதைப் பெருமையாக என்னிடம் சொன்னாள். அந்த நிதானத்தில் ஒரு துளியை உனக்கு ஏன் வைத்துக்கொள்ளவில்லை? அவள் பத்து வாரம் முன்னால் வந்தாள் என்றால் நீயும் பத்து வாரம் முன்னால்தானே தாயானாய். தயாராவதற்கு இருந்த நாள் உனக்கும்தானே கிடைக்காமல் போயிற்று.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏனென்றால் அந்த நிதானத்தை நானும் எனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

2018 நவம்பர் 16. கஜா புயல் அடித்த விடியற்காலை. நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். உன் தாத்தா வைத்த 140 தென்னையில் 11தான் நின்றன. 45 நாளுக்கு ஒரு பறிப்பு என்று பழகிய உடம்பு. மார்கழியில் ஒருநாள் மரம் ஏறுகிறவருக்குச் சொல்லப் போகிறேன் என்று விடியுமுன் கிளம்பிவிட்டேன். வாசல் தாண்டிப் பாதி வழியில்தான் ஏற மரம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மரத்துக்குக் காப்பீடு செய்யாதது என் தப்பு, கடன் வாங்கி மோட்டார் போட்டது என் தப்பு என்று காற்று செய்ததையும் என் தலையில் போட்டுக்கொண்டேன்.

அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. நிவாரணம் 600, வெட்டி அகற்ற 500. பணத்தை வாங்கினேன், மரத்தை அகற்றவில்லை. ரம்பக்காரரைக் கூப்பிட மனம் வரவில்லை. மாதக்கணக்கில் அவை கிடந்து மட்கின. மட்கிய தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். எனக்குத் தெரியாததா? அந்த வண்டு நின்ற மரத்தில் ஏறிக் குருத்தைத் துளைத்தது. பதினொன்றில் மூன்று அப்படிப் போயின. அந்த மூன்றையும் புயல் கொண்டுபோகவில்லை.

உன்னிடமும் அப்படித்தான் இருந்தேன். ஹாஸ்டலிலிருந்து நீ கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். உன் முகத்தில் விழிக்க யோக்கியதை இல்லை என்று நினைத்தேன். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய், விடுதியில் அழுதாய் என்பதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். என்னை நான் கடிந்துகொண்டது உன் மேலும் வந்து விழுந்தது. மன்னித்துக்கொள், கண்ணு.

2019 ஆடியில் மூன்றடிக் குழி எடுத்துக் கன்று வைத்தோம். விழுந்த மரத்து மட்டையையே கீற்றாக முடைந்து ஒவ்வொரு கன்றுக்கும் நிழல் கட்டினேன். நெட்டை ரகம் பாளை விட ஐந்து ஆறு வருஷமாகும் என்பதால் அதுவரை ஊடே உளுந்து. முதல் உளுந்து மூட்டையைக் கொண்டுபோனபோது தெரிந்தவர் ஒருவர், "தென்னந்தோப்புக்காரர் உளுந்து விக்க வந்துட்டீங்களா" என்றார். அன்று கூனிக்குறுகி வந்தேன். அந்த உளுந்துதான் நமக்கு அடுத்த நாலு வருஷம் அரிசி வாங்கியது. கன்று ஏன் இன்னும் காய்க்கவில்லை என்று ஒருநாளும் அதன்மேல் கோபப்பட்டதில்லை. என்மேல் மட்டும் தினமும் கோபம்.

வேலையை விட்டாயா, தள்ளி வைத்தாயா என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ பாப்பா தூங்கும்போது படு. பாத்திரம் கிடக்கட்டும். ராத்திரி ஒரு வேளையாவது மாப்பிள்ளையிடம் விடு, அவர் கேட்டும் நீ விடுவதில்லையாமே. இன்னொன்று, பாப்பா தூங்கியும் உனக்குத் தூக்கம் வராமல், எதிலும் மனசு ஒட்டாமல் நாள்கணக்கில் போனால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். பிள்ளை பெற்றவர்களுக்கு அது வருவதுண்டு, சரியாக்க வழியும் உண்டு. நான் யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருஷம் கிடந்தேன்.

சனிக்கிழமை வருகிறேன். வடக்கு மூலைக் கன்று முதல் குலை தள்ளியிருக்கிறது. கோயிலுக்கு இரண்டு போக நாலு இளநீர் தேறும். பாப்பாவுக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் இப்போது கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நாலும் உனக்குத்தான்.

இப்படிக்கு,
அப்பா